பாதாளக் கரண்டி

"எறியாதட்டி, எறக்கு!" என்று ஜெபக்குமார் கத்தி முடிப்பதற்குள் ஞானசெல்வி எறிந்துவிட்டாள்.

பாதாளக் கரண்டி தொபுக்கென்று ஆற்றில் விழுந்தது. அதோடு போன நீலக் கயிறு அவள் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, நீயும் வா என்று இழுத்தது. மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது. "ஏசப்பா!" என்று பலகையில் பொத்தென்று உட்கார்ந்தவள் காலை உதறி விடுவித்துக்கொண்டாள். சேலைக்கு மேலே மாட்டிவிட்டிருந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கழுத்துவரை ஏறிப் பாதி முகத்தை மறைத்துவிட்டது.

கரையில் வாகை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த, ஜெபக்குமாரின் தூண்டில் கூட்டாளி பிச்சை முகம்மது சிரித்த சிரிப்பு தண்ணீர் மேலேயே ஓடி வந்தது.

"மைனி, மீனெல்லாம் பயந்துபோயி மலைக்கே திரும்பிப் போயிருச்சு!"

"சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. கரைக்கு வந்து வச்சுக்கிடுதேன்."

அதைப் படகு என்று சொல்வது ஜெபக்குமார் ஒருவர்தான். ராஜபாளையத்தில் அவருக்கு டிரம், கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை. லாரியில் வரும்போது நசுங்கி, விற்காமல் கிடந்த நீல டிரம்களை வாய் அடைத்து, பக்கத்துக்கு ஒரு வரிசையாகப் படுக்கவைத்து, மேலே இரும்புச் சட்டம் பற்றவைத்து, பலகை அடித்து அவரே செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் கரையில் இருந்து வாய் பேசலாம். ஞானசெல்விக்கு அது 'உங்க டப்பா'. நங்கூரமும் கடைச் சாமான் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் துழாவி எடுக்கிற பாதாளக் கரண்டி. போர் போட்டுக் கிணற்றை மூடினபோது, பழைய இரும்புக்குப் போக இருந்ததை ஜெபக்குமார் கேட்டு வாங்கி, கனத்துக்கு ஒரு முழம் சங்கிலியும் கோத்துக்கொண்டார். மாமனார் வீட்டுச் சீர் என்று அதற்கு ஒரு பேச்சு வேறு.

"கெணத்துல நாங்க இப்பிடித்தான் போடுவோம்" என்றாள் ஞானசெல்வி. தப்பை ஒத்துக்கொள்வது அவள் வழக்கம் இல்லை.

"கெணத்துத் தண்ணி ஓடுமா? அங்க நீ நிக்கது தரை. இங்க நீ நிக்கதே தண்ணி மேல. எறிஞ்சா, கயிறு எங்க போகுது, காலு எங்க கெடக்குன்னு தெரியுமா? கரண்டியோட சேந்து ஆளும் உள்ள போயிரும். ம், இழு. மொதல்ல இருந்து."

இழுத்தாள். இழுக்க வேண்டியது அவர்தான், வேறு காலமாக இருந்தால். மதுரை டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இதயம் தண்ணீர் இறைக்கிற மாதிரி இறைக்கவில்லை, கசிகிறது, இனி கத்தி வைக்கவும் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டார். மாடி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. திருப்பூரில் இருந்து வந்த மகன் வினோத் கடைச் சாவியையும் தூண்டில் பையையும் ஒன்றாக எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினான். அப்பா மேல் அவனுக்கு உயிர். பூட்டினதுகூட அந்த உயிரால்தான்.

ஜெபக்குமார் ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் ஞானசெல்வியால் தாங்க முடியவில்லை. ஓயாமல் எதையாவது கேட்கிற மனுஷன். காப்பிக்குச் சீனி கேட்பார், சட்டைக்குப் பொத்தான் கேட்பார், ஒன்றுமில்லாவிட்டால் மணி கேட்பார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அப்படியே கார்த்திகை போய், மார்கழி போய், மழையும் நின்றது. கான்சாபுரத்துப் பக்கம் ஆற்றில் தெளிந்த தண்ணீர் போவதாகப் பிச்சை முகம்மது வந்து சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பினார்.

"ஒரே ஒரு காலைல, செல்வி. நீயும் வா. ஒரு சாமானத் தூக்கமாட்டேன், எல்லாம் நீதான். நான் சும்மா உக்காந்திருக்கேன்."

அன்று பகல் முழுக்க அவள் அடுப்படியில் பேசாமல் வேலை செய்தாள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். சாயங்காலம் பிச்சை முகம்மதுக்குப் போன் செய்து ஆம்னி வேனை எடுத்து வரச் சொன்னாள். வினோத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் வருவான், வந்தால் பூட்டுவான். ஏதாவது ஆகிவிட்டால் அவன் தன்னை மன்னிக்க மாட்டான் என்று தெரிந்துதான் பீரோவைத் திறந்தாள்.

இப்போது கரண்டி மேலே வந்துவிட்டது. கொக்கியில் ஒரு பிடி பாசி.

"மூக்கு எங்க பாக்குது?" என்று கேட்டார்.

"யாரு மூக்கு?"

"படகு மூக்குட்டி."

"தண்ணி வாற பக்கம்."

"அப்ப மூக்குலதான் எறக்கணும். வால்ல கட்டுனா தண்ணி வாலை அமுக்கி உள்ள தள்ளிரும். பக்கவாட்டுல கட்டுனா கவுத்திரும். மூக்குல கட்டிட்டா ஆறு அதுபாட்டுக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிரும். நம்மளக் கண்டுக்கிடாது."

அவள் முன்னால் மண்டியிட்டு, கை மாற்றிக் கை மாற்றி இறக்கினாள். கயிறு உள்ளங்கையில் குளிர்ச்சியாக ஓடியது. கீழே எங்கேயோ ஒரு சின்ன அதிர்வு.

"தரை தட்டிருச்சு" என்று கட்டப் போனாள்.

"தட்டிருச்சு, பிடிக்கல. கயிறு நேரா நின்னா கரண்டி குதிச்சுக்கிட்டே பின்னால வரும். கயிறு சாயணும், கரண்டி படுக்கணும். விட்டுக் குடு. ஆழம் எம்புட்டோ அதுபோல மூணு பங்கு, நாலு பங்கு விட்டுக் குடு. படகு பின்னால போகும், பயப்படாத."

படகு பின்னால் போனது. அவள் பயந்தாள், ஆனாலும் விட்டுக் கொடுத்தாள்.

"போதும். கட்டு. ஏட்டி, மாட்டையா கட்டுத? ஒரு இழுப்புக்கு அவுறணும். உருவு முடிச்சு போடு. காலிக் கேன் ஒண்ணு கயித்து முனையில இருக்குல்ல? அவசரம்னா முடிச்ச உருவி விட்டுட்டு நாம போயிறலாம். கேனு மிதந்துக்கிட்டு கெடக்கும். கரண்டியப் பொறவு வந்து எடுத்துக்கிடலாம்."

போட்டாள். அவர் முன்னால் நகர்ந்து வந்து, விறைத்து நின்ற கயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்தார். கரண்டி இழுபட்டால் கயிறு நடுங்குமாம், விரலுக்குத் தெரியுமாம். கண்ணை மூடிச் செத்த நேரம் வைத்திருந்தார். பிறகு சொன்னார்.

"பிடிச்சிருச்சு."

அந்த ஒரு சொல்லை ஞானசெல்வி கல்யாணமான நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். லாரிக்குத் தார்ப்பாய் கட்டி முடிந்தால் பிடிச்சிருச்சு. சுவரில் ஆணி இறங்கினால் பிடிச்சிருச்சு. வினோத்துக்குத் திருப்பூரில் வேலை கிடைத்த அன்று போனில் வாழ்த்து ஒன்றும் சொல்லாமல், "பிடிச்சிருச்சு போ" என்றுதான் சொன்னார். அது இந்தக் கயிற்றில் இருந்துதான் வந்திருக்கிறது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் இதமாக இருந்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. தண்ணீர் மூக்கில் பிரிந்து டிரம்களின் பக்கமாகச் சலசலவென்று போய்க்கொண்டே இருந்தது, மிதவை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அவர் மண்புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டார். தக்கை மிதந்தது. முதலில் ஒரு ஜிலேபிக் கெண்டை. அடுத்து இன்னொன்று. தக்கை அசைந்தாலே அவர் மணிக்கட்டு சுண்டிவிடும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கடியைத் தவறவிட்டதாகப் பிச்சை முகம்மதுகூடச் சொன்னதில்லை. அந்த வாய் எதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறது!

"பால்கோவா வாங்கினாம்ல பிச்சை, அத எடு" என்றார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"டாக்டரு கரையில சொன்னாரு. இது தண்ணி."

சுண்டுவிரல் நுனியளவு கிள்ளிக் கொடுத்தாள். குழந்தை மாதிரி விரலையும் சேர்த்துச் சப்பினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இத்தன வருசமா நீ சோறு கட்டிக் குடுத்துவிட்டிருக்க" என்றார். "எங்க உக்காந்து திங்கேன்னு நீ பாத்ததே இல்லியே. இதான் அந்த எடம்."

"நல்ல எடந்தான்" என்றாள். "வீட்டுல உக்காந்து தின்னாலும் அந்தச் சோறுதான்."

"சோறு அதுதான். ருசி வேற."

"ஆமா, மீன் கவிச்சியோட."

அவர் சிரித்தார். மூச்சு வாங்காமல் சிரித்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்து, மூடியைத் திருகி வைத்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். தூண்டில் கம்பு மடியில் இருந்தது. அவள் மறுபடியும் முன்னால் போய், அவரைப் போலவே கயிற்றில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. தான் இறக்கிய கரண்டி தான் விட்ட கயிற்றில் ஆற்றையே பிடித்து நிற்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பியபோது தக்கை முங்கியது.

நன்றாக முங்கியது. மேலே வந்தது, மறுபடியும் முங்கிப் பக்கவாட்டில் ஓடியது. கம்பு மடியில் கிடந்து ஆடியது. அவர் இழுக்கவில்லை.

"என்னங்க" என்றாள். "மீனு."

அவர் கண் தக்கை பக்கமாகத்தான் இருந்தது. உதட்டோரம் ஒரு துளி பால்கோவா ஒட்டியிருந்தது. கையைத் தொட்டாள். கை வெயில் சூட்டோடு இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

அழுகை வந்தது, அழுதாள். சத்தம் போடவில்லை. கூப்பிட்டால் பிச்சை முகம்மது ஓடி வருவார், ஊர் வரும், ஆஸ்பத்திரி வரும், எல்லாரும் அவரை எடுத்துக்கொண்டு போவார்கள். இன்னும் செத்த நேரம் இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள். கம்பை எடுத்து, மாட்டியிருந்த மீனை முள்ளில் இருந்து கழற்றி, கையை நீட்டித் தண்ணீருக்குள் விட்டாள். ஆறு அதுபாட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பயமே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகுதான், "தம்பி" என்று கூப்பிட்டாள்.

அந்தக் குரலிலேயே பிச்சை முகம்மதுக்குத் தெரிந்துவிட்டது. முட்டியில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர், ஊன்றுகோலை எடுக்க மறந்து எழுந்து நின்றார். "அல்லாவே" என்றார். வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார்.

ஞானசெல்வி முடிச்சின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். உருவிக்கொண்டது. வெள்ளைக் கேன் தண்ணீரில் விழுந்து, அந்த இடத்திலேயே நின்று ஆடியது. மிதவை மெல்லப் பின்னால் நகர்ந்தது. பலகையில் கிடந்த மூங்கிலை ஊன்றித் தள்ளித் தள்ளி, அவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் போகிற மாதிரி போயிருக்கிறார் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆனால் ராஜபாளையத்தில் அவர்கள் தெருவுக்கு டாக்டர் எதற்கு? மத்தியானத்துக்குள் தெருவின் பேச்சில் மிதவை கவிழ்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பெஞ்சாதியைக் காப்பாற்றப் போய்ப் புருஷன் முங்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரி மாரிசெல்வி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியிலயா போனாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தண்ணியில இல்ல, தண்ணி மேல" என்றாள் ஞானசெல்வி. "சட்ட நுனிகூட நனையல."

வினோத் வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அப்பா காலடியில் விழுந்து அழுதான். எழுந்தவன் அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப் போனான்.

"மாடி ஏறக்கூடாதுன்னு சொன்ன மனுசனம்மா. அவரப் போயி ஆத்துல எறக்கி விட்டிருக்க."

"ஆசப்பட்டாரு."

"ஆசப்பட்டா? வீட்டுல இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரா மாட்டாரா?"

"இருந்திருப்பாரு" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "செவத்தப் பாத்துக்கிட்டு."

அவன் வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் பக்கமே வரவில்லை. பெட்டிக்குச் சொன்னான், பூவுக்குச் சொன்னான், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. புருஷன் போனதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவர் முகத்தை அவள் பார்த்திருந்தாள், அதில் ஒரு குறையும் இல்லை. மகன் இப்படி அக்கரையில் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவனிடம் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது? கயிற்றில் விரல் வைத்தால் தெரிவதை வாயால் எப்படிச் சொல்வது?

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. போதகர் ஜெபத்தை முடித்தார். குழி வெட்டியவர் இரண்டு தேங்காய்நார்க் கயிறுகளைக் கொண்டுவந்தார். அதில் ஒன்று நடுவில் நைந்து போயிருந்தது.

"இது தாங்காதுய்யா" என்று பிச்சை முகம்மது நொண்டிக்கொண்டே ஆம்னிக்குப் போனார். வரும்போது தோளில் நீலக் கயிறு. இன்னும் ஈரம் காயவில்லை, ஆற்று வாசனை அடித்தது.

"நேத்து சாயந்திரம் ஆள எறக்கி கேனப் புடிச்சு இழுக்கச் சொன்னேன் மைனி" என்றார். வினோத் பக்கத்தில்தான் நின்றான். "லேசுல வரல. ரெண்டு பேரு சேந்து மேல்பக்கமா போயி நின்னு இழுத்தாத்தான் வந்துச்சு. நானும் அண்ணாச்சியும் போட்டதுலகூட அப்பிடி பிடிச்சதில்ல."

வினோத் கயிற்றைப் பார்த்தான்.

தலைப்பக்கம் நீலக் கயிறு, கால்பக்கம் நார்க்கயிறு. தலைப்பக்கம் ஒரு முனையை வினோத்தும் மறுமுனையைப் பிச்சை முகம்மதுவும் பிடித்தார்கள். கால்பக்கம் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். தூக்கிக் குழிக்கு நேரே கொண்டுவந்ததும் கால்பக்கத்துக்காரர்கள் அவசரப்பட்டு மடமடவென்று விட்டார்கள். பெட்டி வெடுக்கென்று சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"எறியாதிய!" என்றாள் ஞானசெல்வி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குழி ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"எறக்குங்க. கால்பக்கம் நிறுத்துங்க. தலப்பக்கம் மொதல்ல. வினோத்து, கை மாத்திக் கை மாத்தி விடு. உன் காலு கயித்துக்குள்ள கெடக்கு பாரு, எடு."

அவன் குனிந்து பார்த்துக் காலை எடுத்துக்கொண்டான். கை மாற்றிக் கை மாற்றி விட்டான். பெட்டி நேரானது. நான்கு பேரும் இப்போது அவள் குரலைக் கேட்டுத்தான் விட்டார்கள்.

"விட்டுக் குடுங்க. இன்னும். பயப்படாதய்யா, விட்டுக் குடு."

உள்ளே மெத்தென்று ஒரு சத்தம். கயிறு தளர்ந்தது. கால்பக்கத்துக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். வினோத் எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். அவன் தோள் குலுங்கியது. அவள் கிட்டே போனாள்.

"பயந்தாராம்மா?" என்று கேட்டான். அவனுக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற குரலில்.

"இல்லய்யா. கயித்துல ரெண்டு வெரல வச்சுப் பாத்தாரு. நான் எறக்குன கரண்டி. அந்த வார்த்தையச் சொன்னாரு. பொறவு பால்கோவா கேட்டாரு."

எந்த வார்த்தை என்று அவன் கேட்கவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். கயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்தான். செத்த நேரம் வைத்திருந்தான்.

"பிடிச்சிருச்சும்மா" என்றான்.

"பிடிச்சிருச்சு" என்றாள்.

பிச்சை முகம்மது தன் பக்கத்து முனையை விட்டார். வினோத் கயிற்றை மெல்ல உருவி மேலே எடுத்தான். யாரும் சொல்லாமலே அதை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தான். மண் உதிர்ந்தது. முறுக்கு விழாமல் இருக்க, மறுமுனையை ஞானசெல்வி பிடித்துக்கொண்டாள்.